முழுசாகக் கட்ட வந்தவள்

வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டுவது இவ்வளவு பெரிய ஒழுங்கீனம் என்று, வங்கியின் மூன்றாவது மாடிக்கு ஏறும்வரை மாத்திரையக்காவுக்குத் தெரியாது.

தெருவில் எல்லோருக்கும் அவள் மாத்திரையக்காதான். மருந்துக்கடையில் வேலை. சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்துக் கொடுத்து, "இது சாப்பாட்டுக்கு முன்னாடி, இது பின்னாடி" என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு தடவை சொல்லித்தான் அனுப்புவாள். அதிர்ந்து பேசத் தெரியாது. வரிசையில் யாராவது முண்டியடித்தால், "அவங்களுக்கு என்ன அவசரமோ" என்று ஒதுங்கி நிற்கிற ரகம். இப்படிப்பட்டவர்களுக்கென்றே கடன் அட்டையைக் கண்டுபிடித்தார்கள் என்று அவளுடைய நாத்தனார் சொல்வாள்.

அட்டை வந்தது ஏழு வருடத்துக்கு முன்னால். வங்கி வாசலில் ஒரு பெண் மேசை போட்டு உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டால் ஒரு குடை இலவசம் என்றாள். வெளியே மழை. மாத்திரையக்கா கையெழுத்துப் போட்டாள். குடை அடுத்த வாரமே கம்பி முறிந்து போயிற்று. அட்டை மட்டும் நன்றாக உழைத்தது.

பிறகு ஒருநாள், பார்சல் வண்டி ஓட்டும் அவள் கணவர் ஒரு பெட்டியைத் தூக்கப்போய் முதுகு பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். வாடகை, வைத்தியம், வீட்டுச் சாமான் எல்லாம் அட்டையில்தான் ஓடின. அவர் எழுந்து நடக்க ஆரம்பித்தபோது கடன் ஓட ஆரம்பித்திருந்தது. குறைந்தபட்சத் தொகை என்று வங்கி கேட்டதை மாதாமாதம் நாள் பிசகாமல் கட்டினார்கள். சோறு போடப் போட வளர்கிற பிள்ளை மாதிரி, கட்டக் கட்ட அது வளர்ந்தது.

அதே வங்கியில் அதே குடும்பத்துக்கு ஒரு சேமிப்புக் கணக்கும் இருந்தது. அங்கேதான் கூத்து. நாத்தனார் ஒரு முடிதிருத்தும் நிலையத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தாள். அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். என்றாவது சொந்தமாக இரண்டு நாற்காலி போட்டுக் கடை திறக்க வேண்டும் என்று அவளும், அண்ணனும், அண்ணியும் சம்பளத்தில் கிள்ளிக் கிள்ளிப் போட்டுச் சேர்த்த பணம் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டுகள் இன்னும் எடுக்காமல் இருந்தபோது, மாத்திரையக்கா மெதுவாகப் பேச்செடுத்தாள்.

"சேமிப்புக்கு மூணு வட்டி குடுக்கறாங்க."

"கார்டுக்கும் மூணுதானே வாங்கறாங்க," என்றார் கணவர். "நியாயமாத்தானே இருக்கு?"

"அது வருஷத்துக்கு மூணு. இது மாசத்துக்கு மூணு."

கணவர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே வங்கிதானே?" என்றார்.

"ஒரே வங்கி, ஒரே கட்டடம். கீழ நம்ம பணத்தை வாங்கி வச்சுக்கிட்டு, அதையே மேல தூக்கிட்டுப் போய் நமக்குக் கடனாக் குடுக்கறாங்க. சேமிப்பை எடுத்துக் கடனை அடைச்சிடலாங்க."

"அடைச்சிட்டா கையில என்ன இருக்கும்? நாலு காசு இருக்குன்னாதான் படுத்தா தூக்கம் வரும்."

"இப்ப வருதாண்ணே?" என்றாள் நாத்தனார்.

நாத்தனார் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். "ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்திக்கிட்டே, இன்னொரு பக்கம் டம்ளர்ல சேத்து வச்சிருக்கோம். நீங்க கட்டுங்கண்ணி. என் கடை எங்கயும் ஓடிப் போயிடாது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மூன்று தட்டுக் கழுவத் தேவையானதைவிட ரொம்ப நேரம் குழாய் திறந்தே இருந்தது.

மறுநாள் மாத்திரையக்கா கடையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வங்கிக்குப் போனாள். அரைநாள் போதும் என்று நினைத்தாள்.

கீழ்த்தளத்தில், "உங்கள் நாளை எங்கள் கையில்" என்ற பெரிய எழுத்துகளுக்குக் கீழே காசாளர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். தடித்த மூக்குக்கண்ணாடி, சிரிக்காத முகம்.

"சேமிப்புல இருந்து எடுத்து, கார்டுல முழுத் தொகையையும் கட்டணுங்க."

"குறைந்தபட்சத் தொகை முழுசுமா?"

"இல்லீங்க. கடன் முழுசும்."

காசாளர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளை மறுபடி பார்த்தார். "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க."

"திரும்பி வராத மாதிரி எங்கயாவது போறீங்களா?"

"இல்லீங்களே."

காசாளர் அம்மாள் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் மூன்று பொத்தான்கள் இருந்தன. 'குறைந்தபட்சம்'. 'குறைந்தபட்சத்தைவிடக் கொஞ்சம் அதிகம்'. 'பிறகு பார்க்கலாம்'.

"நீங்க கேக்கறது இதுல இல்ல. இந்த சீட்டுல நான் உக்காந்த நாள்லேருந்து, கேட்ட யாரும் கட்டிட்டுப் போனதும் இல்ல. மூணாவது மாடிக்குப் போங்க, உறவுப் பாதுகாப்புப் பிரிவு." பிறகு குரலைத் தாழ்த்தி, "பசிச்சா ஏதாவது சாப்பிட்டுட்டுப் போங்க. நேரமாகும்," என்றார்.

மூன்றாவது மாடியில் மெத்தென்ற சோபா, மீன் தொட்டி, கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு பெட்டி நிறையக் காகிதக் கைக்குட்டை. உறவு அதிகாரி கதவுவரை வந்து அவளை உள்ளே அழைத்துப் போனார். துக்க வீட்டில் பேசுவது போன்ற குரல்.

"உக்காருங்க. தண்ணி குடிங்க. மனசுல என்ன இருந்தாலும் கொட்டிடுங்க."

"மனசுல ஒண்ணும் இல்லீங்க. கடனைக் கட்டிடலாம்னு வந்தேன்."

"எங்க மேல என்ன கோபம்?"

"கோபமெல்லாம் இல்லீங்க."

உறவு அதிகாரி மீன்களைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "வேற வங்கியில யாராவது... உங்ககிட்ட நல்லாப் பேசறாங்களா?"

"ஐயோ, இல்லீங்க," என்றாள் மாத்திரையக்கா. எதற்காகத் தன் முகம் சிவக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

"ஏழு வருஷம். சின்ன உறவா இது? ஒவ்வொரு பிறந்தநாளைக்கும் காலையில முதல் வாழ்த்து யாரு அனுப்பினது? உங்க வீட்டுக்காரர்கூட ஒரு வருஷம் மறந்திருப்பாரு. நாங்க மறந்தோமா?"

போன வருடம் அவர் மறந்துதான் போயிருந்தார். மாத்திரையக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அதிகாரி நெருங்கி உட்கார்ந்தார். கடன் எல்லையை இரண்டு மடங்காக்கித் தருவதாகச் சொன்னார். சக்கரம் வைத்த பெட்டி ஒன்று தருவதாகச் சொன்னார். எங்கேயும் போகப்போவதில்லை என்று அவள் சொன்னதும், பெட்டி இருந்தால் போகத் தோன்றும், போனால் அட்டை உதவும் என்றார். கடைசியாக, வெளியே யாருக்கும் சொல்லாத திட்டம் என்று பீடிகை போட்டு இதைச் சொன்னார்:

"உங்க சேமிப்பைத் தொடவே வேண்டாம். அதை எங்ககிட்ட அடமானமா வையுங்க. அது மேல நாங்க ஒரு கடன் தர்றோம். அந்தக் கடனை வச்சு கார்டைக் கட்டுங்க."

மாத்திரையக்கா விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள். "அப்ப என் பணத்தையே நான் கடனா வாங்கி, அதுக்கும் வட்டி கட்டணுமா?"

"உங்க பணம்ங்கறதால வட்டியில சலுகை உண்டு."

"வேண்டாங்க. முழுசா எடுத்துக்கிட்டு விட்டுடுங்க."

அதிகாரி பெருமூச்சு விட்டார். அப்படியானால் விதிப்படி ஒரு நிதான காலம் இருக்கிறது, அதுவரை காத்திருக்க வேண்டும், அவசரத்தில் கட்டிவிட்டு வாடிக்கையாளர்கள் பிறகு வருத்தப்படக் கூடாது என்பதற்காக வங்கியே செய்திருக்கும் ஏற்பாடு அது என்றார்.

"கார்டு குடுக்கறப்ப நிதானம் எதுவும் கேக்கலீங்களே. மழை விடறதுக்குள்ள குடுத்துட்டாங்க."

"அது உற்சாகம்ங்க. உற்சாகத்தை யாரும் தடுக்கக் கூடாது. இது அவசரம். அவசரத்தைத் தடுத்தே ஆகணும்."

நிதான காலத்தில் வட்டி ஓடுமா என்று அவள் கேட்டாள். வட்டிக்கு நிதானம் கிடையாது என்று அதிகாரி ஒப்புக்கொண்டார்.

நிதான காலத்தைக் குறைக்க ஒரே வழி, இரண்டாவது மாடியில் நடக்கும் விழிப்புணர்வு வகுப்பில் உட்கார்ந்து தேர்வில் தேறுவது. வகுப்பின் பெயர்: 'கடனில்லா வாழ்க்கை: அபாயங்களும் தற்காப்பும்'. மாத்திரையக்கா இன்னொரு அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே அவளைப்போலவே முழுசாகக் கட்ட வந்து அகப்பட்டுக்கொண்டவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு தையற்காரர். கழுத்தில் அளவெடுக்கும் நாடாவோடே வந்திருந்தார். அவருக்கு இது மூன்றாவது தடவையாம்.

பயிற்சியாளர் திரையில் ஒரு படம் போட்டார். வெட்டவெளியில் தன்னந்தனியாக ஒரு மனிதன்.

"இவர் யாரு? கடன் இல்லாதவர். இவரை மாசம் பொறந்தா யாராவது தேடுவாங்களா? ஃபோன் பண்ணுவாங்களா? எங்க இருக்கீங்க, எப்ப வருவீங்கன்னு ஒரு ஜீவன் கேக்குமா? கடன் இருக்கறவன் அனாதை இல்ல. அவன் நல்லா இருக்கணும், நீண்ட நாள் வாழணும், வேலை போகக்கூடாதுன்னு அக்கறையா நினைக்க ஒரு நிறுவனமே இருக்கு."

தையற்காரர் கையைத் தூக்கினார். "கட்டிட்டா நிம்மதியாத் தூங்கலாம்ல?"

"தூங்கலாம். தூங்கிட்டு எந்திரிச்சு?" என்றார் பயிற்சியாளர். "கடன் இருக்கறவன் எந்திரிச்சதும் வேலைக்கு ஓடறான். இல்லாதவன் ஜன்னலைப் பாத்துக்கிட்டு நிப்பான். ஒரு நாடு ஜன்னலைப் பாத்துக்கிட்டு நின்னா என்ன ஆகும்?"

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

கடைசியில் தேர்வு. ஒரே ஒரு கேள்வி: முழுக் கடனையும் அடைத்தவரின் மனநிலை எப்படி இருக்கும்? வெறுமை, தனிமை, குற்ற உணர்ச்சி ஆகிய மூன்றில் எதை எழுதினாலும் மதிப்பெண் உண்டு என்று பயிற்சியாளர் முன்கூட்டியே இரக்கத்தோடு சொல்லியிருந்தார். மாத்திரையக்கா யோசித்து யோசித்து, 'நன்றாக இருக்கும்' என்று எழுதினாள். தையற்காரரும் அதையே எழுதினார், மூன்றாவது தடவையாக. இருவரும் தோற்றார்கள்.

வீட்டுக்கு வந்து அவள் இதைச் சொன்னபோது நாத்தனார் முதலில் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணி, நீங்க கேட்டுக்கேட்டு நிக்கறீங்க. கடன் கட்டறதுக்கு என்ன கெஞ்சல்? நாளைக்கு நான் வரேன்."

ஆனால் மறுநாளைக்கு முன்பே கிளை மேலாளர் தொலைபேசியில் வந்துவிட்டார். குரலில் தேன் சொட்டியது. வருகிற சனிக்கிழமை வங்கியின் ஆண்டு விழா. தலைமை அலுவலகத்திலிருந்து தலைவரே வருகிறார். இந்த வருடத்தின் 'பொன் வாடிக்கையாளர்' விருது மாத்திரையக்கா குடும்பத்துக்கு.

அதைக் கேட்டதும் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில்கூட அவருக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை. சனிக்கிழமை காலை அவரே தன் சட்டைக்கு இஸ்திரி போட்டார். காலரை இரண்டு தடவை போட்டார்.

"மேடைக்குக் கூப்பிட்டு மரியாதை பண்றாங்க," என்றார். "அவங்க மூஞ்சியில அடிச்ச மாதிரி இப்பவே கட்டணுமா? கொஞ்ச நாள் போகட்டுமே."

"எதுக்கு மரியாதை பண்றாங்கன்னு யோசிச்சீங்களா?" என்றாள் மாத்திரையக்கா.

"நாள் தவறாமக் கட்டினோம்ல. நேர்மைக்குன்னு வச்சுக்கயேன்."

"என் பேர்ல கடன் இருக்குங்க. மாலை போட்டா அது குறையப் போகுதா?"

பதினெட்டு வருடத்தில் அவள் அவரிடம் அவ்வளவு உரக்கப் பேசியதில்லை. உண்மையில் அது உரக்கவும் இல்லை. வேறு யாராவது பேசியிருந்தால் சாதாரணப் பேச்சுத்தான். ஆனால் அவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். பேருந்தில் மூன்று பேரும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்து போனார்கள்.

வங்கியின் கீழ்த்தளத்தையே விழா மண்டபமாக மாற்றியிருந்தார்கள். மேடையில் ரிப்பன் கட்டிய குளிர்சாதனப் பெட்டி ஒன்று நின்றது. அதற்குப் பக்கத்தில் தலைவர் உட்கார்ந்திருந்தார். யார் எது சொன்னாலும் தலையாட்டினார். நாற்காலிகளில் வாடிக்கையாளர்கள். வகுப்பில் தோற்றவர்களையும் கூட்டம் சேர்க்க வரவழைத்திருந்தார்கள். தையற்காரர் நாடாவோடு முன்வரிசையில் இருந்தார்.

குடும்பத்தை மேடைக்கு அழைத்தார்கள். கணவருக்கு முதுகு ஒத்துழைக்காததால் அவரும் தங்கையும் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். மாத்திரையக்கா மட்டும் ஏறினாள். கிளை மேலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நண்பர்களே, ஒரு வங்கிக்கு எதிரி யார்? கடனைக் கட்டாதவரா? இல்லை. அவரைப் பார்த்துக்கொள்ள வக்கீல் இருக்கிறார். எதிரி, முழுசாகக் கட்டிவிடுபவர். வருகிறார், கட்டுகிறார், போய்விடுகிறார். நமக்கு என்ன மிஞ்சுகிறது? நன்றி என்ற ஒரு சொல். அதை வைத்து விளக்கு எரியுமா, சம்பளம் போட முடியுமா?"

தலைவர் தலையாட்டினார்.

"இந்தக் குடும்பத்தைப் பாருங்கள். இவர்கள் கட்டாதவர்களும் இல்லை, கட்டி முடிப்பவர்களும் இல்லை. நடுவில் நிற்கிறார்கள், தூண் மாதிரி. வாங்கியதைப்போல இரண்டு மடங்கு இதுவரை கட்டிவிட்டார்கள். ஆனாலும் வாங்கியது அப்படியே இருக்கிறது. ஒரு துளி குறையவில்லை. இதைத்தான் நாங்கள் நிலைத்தன்மை என்கிறோம். மூன்றாவது மாடியில் நீங்கள் பார்க்கும் மீன் தொட்டி, சோபா, அந்த மாடி எல்லாமே இப்படிப்பட்ட குடும்பங்கள் எழுப்பியவை. அவர்களுக்குச் சொந்தமாக வீடு இல்லாமலிருக்கலாம். நமக்கு மாடி இருக்கிறது."

கைதட்டல் எழுந்தது. மேலாளர் உண்மையிலேயே கண் கலங்கியிருந்தார்.

கீழே கணவர் கைதட்டத் தூக்கிய கையை அப்படியே மடியில் வைத்தார். தங்கை பக்கம் திரும்பி, "ரெண்டு மடங்கா?" என்றார்.

"ஆமாண்ணே."

"ரெண்டு மடங்கு கட்டியாச்சா?"

"அதைத்தான் சொல்றாரு. பெருமையாச் சொல்றாரு."

அவர் இஸ்திரி போட்ட காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வலியோடு அவர் ஓட்டிய வண்டி, ஏற்றி இறக்கிய பெட்டிகள், வேண்டாம் என்று விட்ட மருந்துகள் எல்லாம் வரிசையாக அவருக்குள் போயின. பின்னால் யாரோ இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதற்குள் தலைவர் எழுந்துவிட்டார். உற்சாகம் அவரையும் தொற்றியிருந்தது. "அம்மா, இந்த மேடையில் நீங்கள் எதைக் கேட்டாலும் இந்த வங்கி தரும். இது என் வாக்கு. கேளுங்கள்."

மேலாளர் அவள் காதருகே குனிந்தார். "ஃபிரிட்ஜ்னு சொல்லுங்க. ரெடியா இருக்கு."

மாத்திரையக்கா ஒலிபெருக்கியை வாங்கினாள். மருந்துக்கடையில் சொல்வதைப்போலவே, கேட்பவருக்குப் புரிய வேண்டுமே என்ற கவலையோடு நிதானமாகச் சொன்னாள்.

"என் சேமிப்புல பணம் இருக்குங்க. அதை எடுத்துக்கிட்டு என் கார்டு கடன் முழுசையும் முடிச்சுக் குடுங்க. இன்னைக்கே. வேற எதுவும் வேண்டாம்." பழக்கதோஷத்தில் இன்னொரு தடவையும் சொன்னாள். "முழுசையும், இன்னைக்கே."

தலைவரின் தலையாட்டல் பாதியில் நின்றது.

"அது பரிசு ஆகாதே அம்மா," என்றார் தலைவர்.

"எனக்கு ஆகுங்க."

"நிதான காலம் என்று ஒன்று..." என்று மேலாளர் ஆரம்பித்தார்.

"வாக்குக் குடுக்கறப்ப உங்க தலைவர் நிதானமாத்தானே குடுத்தாரு?" என்று கீழிருந்து நாத்தனார் கேட்டாள். அவள் குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. முடிவெட்டும் இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. "இல்ல, அதுவும் உற்சாகமா?"

மேலாளர் பாதுகாவலரைத் தேடினார். அந்த நேரத்தில் கணவர் எழுந்தார். ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று மேடை ஏறினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. ஏறி முடிப்பாரா என்று பார்ப்பதிலேயே எல்லோரும் இருந்தார்கள். மனைவி பக்கத்தில் போய் நின்று ஒலிபெருக்கியை வாங்கினார்.

"நான் காலையில வண்டி எடுக்கணும்," என்றார். "கொஞ்சம் சீக்கிரம் வாங்கிக்கிட்டீங்கன்னா நாங்க கிளம்பிடுவோம். நீங்க வாங்காம நாங்க போறதா இல்ல."

தையற்காரர் எழுந்து நின்றார். "அவங்களுக்கு அப்புறம் நான்," என்றார். வகுப்பில் இருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கோஷம் எதுவும் இல்லை. மேடைக்கும் கவுன்ட்டருக்கும் நடுவில், சினிமாக் கொட்டகை வாசலில் நிற்பதைப்போல, தானாகவே ஒரு வரிசை உண்டாயிற்று. வாழ்க்கையில் முதல்தடவையாக மாத்திரையக்கா வரிசையில் முதல் ஆளாக நின்றாள். யாருக்கும் வழிவிடவில்லை.

"கம்ப்யூட்டர்ல அந்தப் பொத்தான் இல்லையே," என்றார் மேலாளர். அவர் குரலில் ஒரு சின்ன நிம்மதி தெரிந்தது. "எனக்கு ஆட்சேபணை இல்ல. பொத்தான் இல்ல."

காசாளர் அம்மாள் கூட்டத்திலிருந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்து கணினியைத் திறந்தார். 'குறைந்தபட்சத்தைவிடக் கொஞ்சம் அதிகம்' என்ற பொத்தானை அழுத்தினார். ஒரு கட்டம் வந்தது.

"கொஞ்சம்னா எவ்வளவுன்னு இந்தக் கட்டத்துல எங்கயும் போடல சார்," என்றார். "இவங்க வந்துட்டுப் போன நாள்லேருந்து நானும் இதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்." கட்டத்தில் முழுத் தொகையையும் அடித்தார்.

மேலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் வழக்கம்போலத் தலையாட்டினார். அது பழக்கத்தில் வந்த ஆட்டமா, சம்மதமா என்று பிற்பாடு வங்கிக்குள் பெரிய விசாரணையே நடந்ததாகக் கேள்வி. அன்றைக்கு அது சம்மதமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

கணினி கொஞ்சம் திணறியது. பிறகு நிலுவை பூஜ்யம் என்று காட்டியது. உடனேயே அதன்மேல் பூக்கள் தூவிக்கொண்டு இன்னொரு வாசகம் வந்தது: 'வாழ்த்துகள். நீங்கள் இப்போது புதிய கடனுக்கு முழுத் தகுதி பெற்றுள்ளீர்கள்.'

"அதை மூடிடுங்க," என்றாள் மாத்திரையக்கா.

காசாளர் அம்மாள் மூடினார். ஒரு கத்தரிக்கோலை அவள் பக்கம் தள்ளினார். மாத்திரையக்கா அட்டையை எடுத்து நாத்தனாரிடம் கொடுத்தாள். முடி வெட்டுகிற கை அதை நான்கே வெட்டில் முடித்தது.

விருதையும் குளிர்சாதனப் பெட்டியையும் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். பொன் வாடிக்கையாளர் என்பவர் நிலுவை உள்ளவராக இருக்க வேண்டும் என்பது விதி. மேலாளர் மேடையில் நின்று, அடுத்ததாக இன்னிசை என்று அறிவித்தார். கேட்க ஆளில்லை, எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

வெளியே வந்ததும் கணவர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். முதுகுவலி என்றுதான் இரண்டு பெண்களும் நினைத்தார்கள்.

"உன் கடை போச்சேம்மா," என்றார் தங்கையிடம்.

நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் கண் நிறைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "போச்சுதான்," என்றாள். "ஆனா இவ்வளவு நாள் சம்பளத்தைக் கொண்டுபோய் அந்த மீனுக்குப் போட்டோம்ல, இனிமே போட வேண்டாம். மறுபடி சேப்போம். இந்தத் தடவை ஓட்டை இல்ல."

மாத்திரையக்கா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். இஸ்திரி கலைந்த காலரை நீவி விட்டாள். பேருந்து ஒன்று வந்து நின்று போயிற்று. அடுத்ததில் ஏறினார்கள்.

மாதம் பிறந்தது. மூன்று பேர் சம்பளமும் வந்தது. வந்த பணம் எங்கேயும் போகவில்லை. இதற்கு அந்த வீடு பழகியிருக்கவில்லை. கணவர் காலையில் ஒரு தடவை கணக்கைப் பார்த்தார், வண்டியிலிருந்து இறங்கி ஒரு தடவை பார்த்தார். "இன்னும் இருக்கு," என்று வீட்டுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னார்.

அன்று சாயங்காலம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது மாத்திரையக்காவின் ஃபோன் அடித்தது. வங்கியிலிருந்துதான். நடுவயதுப் பெண் குரல், எழுதி வைத்ததைப் படிக்கும் குரல். அவர்களுடைய அப்பழுக்கற்ற கடன் வரலாற்றைப் பாராட்டிப் புதிய அட்டை ஒன்று தர விரும்புவதாகவும், ஆண்டுக் கட்டணம் இல்லை என்றும், கூடவே பயணப்பெட்டி உண்டு என்றும் அது சொல்லிக்கொண்டே போயிற்று. பழைய மாத்திரையக்காவாக இருந்தால் முழுதும் கேட்டுவிட்டு, மறுக்கக் கூச்சப்பட்டிருப்பாள். இப்போது ஃபோனை எல்லோருக்கும் கேட்கும்படி தட்டுகளுக்கு நடுவில் வைத்துவிட்டுச் சாப்பிட்டாள்.

"வேண்டாங்க," என்றாள், குரல் மூச்சு விட்ட இடத்தில்.

"மேடம், நீங்க வேண்டாம்னு சொன்னா, ஏன்னு கேக்கச் சொல்லியிருக்காங்க."

"கேளுங்க."

"ஏன் மேடம்?"

"எங்ககிட்ட பணம் இருக்குங்க."

அந்தப் பதிலுக்கு என்ன படிக்க வேண்டும் என்று எதிர்முனையில் எழுதி வைக்கவில்லை போலிருக்கிறது. காகிதம் புரளும் சத்தம் கேட்டது. நாத்தனார் ஃபோன் பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா, உங்களுக்கு எவ்வளவு இருக்கு?"

"என்னதும்மா?"

"கார்டுல."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, பக்கத்தில் யாருக்கும் கேட்கக்கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதைப்போல, அந்தக் குரல் ஒரு தொகையைச் சொன்னது. கணவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"சேமிப்பு ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று மாத்திரையக்கா கேட்டாள்.

"கொஞ்சம் இருக்கு. மகள் படிப்புக்குன்னு எடுத்து வச்சது. அதைத் தொடப் பயமா இருக்கு. மூணாவது மாடிக்குப் போனா அழ வச்சு அனுப்பறாங்கன்னு எங்க ஆபீஸ்லயே சொல்றாங்க."

"அழ வைப்பாங்க. பரவாயில்ல," என்றாள் மாத்திரையக்கா. "தனியாப் போகாதீங்க. என்னைக்குன்னு சொல்லுங்க. நாங்க மூணு பேரும் வர்றோம்."